சென்னைக் கோடை மாறிவிட்டதா? முப்பது வருட நினைவு போதுமா?

ஜூன் 9, மாலை (பல்லாவரத்திலிருந்து ஒரு தம்பியின் கேள்வி)

அக்கா, நான் ஸ்கூல் படிச்சப்போ ஜூன் மாசம் சாயங்காலம் ஆனா இடி, மின்னல், மழை. காலைல பதினொரு மணிக்கெல்லாம் கடற்காற்று வந்துடும். இப்போ ரெண்டும் இல்ல. தென்மேற்குப் பருவமழைக்கும் சென்னைக்கும் சம்பந்தமே கிடையாதுன்னு வேற சொல்றாங்க. அப்போ இது முழுக்க முழுக்க பருவநிலை மாற்றம்தானே? முப்பது வருஷமா கண்ணால பாக்கறேன், இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

ஜூன் 9, இரவு

தம்பி, "சம்பந்தமே கிடையாது" என்பதை முதலில் தூக்கிப் போடுங்கள். சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை. அதில் 40 செ.மீ.க்கு மேல் ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்வது. கேரளத்தில் பெய்கிற மாதிரி பருவக் காற்று நேராகக் கொண்டுவந்து கொட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மேற்குத் தொடர்ச்சி மலை ஈரத்தைப் பிழிந்துகொண்டு, காய்ந்த காற்றைத்தான் நம் பக்கம் அனுப்புகிறது.

அந்தக் காய்ந்த மேற்குக் காற்று ஒரு பக்கம், மதியம் கிளம்புகிற கடற்காற்று மறுபக்கம். இரண்டும் முட்டிக்கொள்ளும் கோட்டில் மேகம் எழும்பும். திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பக்கம் மூன்று நான்கு மணிக்குக் கோபுரம் மாதிரி நிற்பது அதுதான். பிறகு மேற்குக் காற்று அதைக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். இரவு எட்டு மணிக்கு நமக்கு மழை. வெப்பச்சலன மழை என்று செய்தியில் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

மேற்குக் காற்று ரொம்ப வலுத்துவிட்டால் கடற்காற்று உள்ளே நுழையவே முடியாது. மூன்று மணி வரை நகரம் வேகும், 40 டிகிரியைத் தாண்டும். மேற்குக் காற்று ரொம்பச் சோர்ந்துவிட்டால் கடற்காற்று விறுவிறுவென்று உள்ளே போய்விடும், மேகம் வேலூர், ராணிப்பேட்டையில் எழும்பி நம்மை எட்டுவதற்குள் கரைந்துவிடும். நடுவில் ஒரு அளவு இருக்கிறது, அதுதான் நமக்கு மழை. அந்த அளவை நிர்ணயிப்பது அரபிக்கடலிலிருந்து திபெத் வரை விரிந்து கிடக்கிற கோடைக்காலக் காற்றோட்டம். அது வருடத்துக்கு வருடம் மட்டும் மாறுவதில்லை, பத்து இருபது ஆண்டுக் கணக்கிலும் ஏறி இறங்கும். உங்கள் கேள்விக்கு நடுநாயகமான விஷயம் அதுதான். நிதானமாக எழுதுகிறேன்.

ஜூன் 10

கடற்காற்று தடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஒரு தேதி: 2003 மே 31. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. கத்திரி முடிந்து போன பிறகு வந்த வெயில் அது. அக்னி நட்சத்திரம் மே 4 முதல் 28 வரை என்று பஞ்சாங்கத்தில் எல்லை போட்டிருந்தாலும், நம் ஊர் வெயிலை முடித்துவைப்பது தேதி இல்லை, காற்றின் திசை. வங்கக்கடலில் உருவாகும் புயல் நம்மைத் தொடாமல் மியான்மர், வங்காளம் பக்கம் போகும்போதும் இதே கதைதான். ஈரத்தையும் கடற்காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும், நமக்கு அனல் காற்று மிஞ்சும்.

ராயபுரத்து அக்கா கேட்டதற்கு: ஆமாம், உங்கள் வீட்டு ஆட்கள் கச்சான் என்று சொல்வது இந்த மேற்குக் காற்றைத்தான். அது விடாமல் அடிக்கிற நாளில் கரை எப்படி இருக்கிறது என்று உங்கள் அண்ணனிடம் கேட்டு எழுதுங்கள். நான் மாடியிலிருந்து பார்ப்பதைவிட அவர் படகிலிருந்து பார்ப்பது உபயோகமான தகவல்.

ஜூன் 12

மேட்டூர் திறக்க வேண்டிய நாள் இன்று. அதனால் இதை இன்றே சொல்லிவிடுகிறேன்.

தென்மேற்குப் பருவமழை நம் தலையில் பெய்யாவிட்டாலும் நம் குழாயில் வருகிறது. வீராணம் தண்ணீர் 2004-லிருந்து சென்னைக்கு வருகிறது. வீராணத்துக்குக் கொள்ளிடம், கொள்ளிடத்துக்கு மேட்டூர், மேட்டூருக்குக் குடகும் வயநாடும். பூண்டிக்கு வருகிற கிருஷ்ணா தண்ணீர் ஸ்ரீசைலத்தில் தேங்குவது. அதுவும் மகாராஷ்டிர, கர்நாடக மலைகளில் பெய்யும் ஜூலை மழை. 2024-ல் மேட்டூரை ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அடுத்த இரண்டு நாளில் அணை 120 அடியைத் தொட்டது. நடுவில் நடந்தது குடகில் பெய்த மழை, வேறொன்றும் இல்லை.

2019-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். எங்கள் தெருவில் லாரி வருவதற்கு முன்பே விடியற்காலையில் குடங்கள் வரிசையில் நின்றன. அதே 2019-ல் நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழை சராசரியில் 110 சதவீதம், 1994-க்குப் பிறகு மிக அதிகம். ஜூனில் 33 சதவீதம் பற்றாக்குறை, செப்டம்பரில் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு. நமக்குத் தண்ணீர்ப் பஞ்சம் ஏற்பட்டது அதற்கு முந்தைய 2018 வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியதால். ஒரே நாட்டின் ஒரே வருடத்தில் இரண்டு கதை. "இந்த வருஷம் மழை நல்லா இருக்கா?" என்று கேட்டால் "எங்கே, எந்த மாதத்தில்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 15

இன்று சாயங்காலம் மாடியில் நின்று பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. (கொளத்தூர், மூன்றாவது மாடி, மேற்கே மறைப்பில்லை.)

கீழே திட்டுத் திட்டாகக் குட்டி மேகங்கள், மேற்கிலிருந்து கிழக்கே, கடலை நோக்கி. தொலைவில் ஒரு இடிமேகம், அதன் தலை பட்டறைக்கல் போல் தட்டையாகி விரிகிறது. விரிவது எந்தப் பக்கம்? மேற்குப் பக்கம். அதாவது மேகத்தின் உடம்பு நம்மை நோக்கி வருகிறது, தலை எதிர்த்திசையில் ஓடுகிறது. தலைக்கு மேல் பஞ்சு இழுத்த மாதிரி இருந்த மெல்லிய மேகமும் கிழக்கிலிருந்து மேற்கே போய்க்கொண்டிருந்தது. நாளை சாயங்காலம் நீங்களும் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, கேபிள் கம்பி என்று அசையாத எதையாவது குறியாக வைத்துக்கொண்டால் இரண்டு அடுக்கும் எதிரெதிராகப் போவது தெளிவாகத் தெரியும்.

மேலே ஓடுகிற அந்தக் கிழக்குக் காற்று சாதாரணமானது இல்லை. கோடையில் திபெத் பீடபூமி சூடாகி, அதன் மேலே வளிமண்டலத்தின் உச்சியில் ஒரு பெரிய உயர் அழுத்தம் உருவாகிறது. அதன் தெற்கு விளிம்பில் கிழக்கிலிருந்து ஒரு ஜெட் காற்று (ஆறு மாதிரி ஒரு பாதையில் வேகமாக ஓடும் காற்று) ஆப்பிரிக்கா வரை பாய்கிறது. ஜூலையில் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வேகம். இதை 1958-ல் விளக்கி எழுதியவர் பி. கோட்டீஸ்வரம். பிற்பாடு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தவர். அந்த ஜெட்டின் நடு அச்சு ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையில்தான் போகிறது.

கீழடுக்கில் அதற்கு ஜோடி இருக்கிறது. தரையிலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் அரபிக்கடலிலிருந்து தீபகற்பத்தின் குறுக்கே பாயும் மேற்கு ஜெட். ஜூலையில் அது இருப்பதை 1966-ல் எழுதியவர்கள் பி.வி. ஜோசப்பும் பி.எல். ராமனும். மேலே கிழக்கு, கீழே மேற்கு. இந்த இரண்டும் எவ்வளவு வலுவாக இருக்கின்றன என்பதுதான் அந்தக் கோடையின் காற்றோட்டம் எப்படி இருக்கிறது என்பதன் அளவுகோல். அந்த இரண்டுக்கும் நேர் கீழே குடியிருந்துகொண்டு பருவமழைக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று பேசிக்கொண்டிருக்கிறோம்!

ஜூன் 16

அம்பத்தூர் அண்ணன் கேட்கிறார், மேல் ஜெட் எந்த உயரம் என்று. 14 முதல் 16 கி.மீ. வாக்கில். விமானங்கள் போவது 10, 12 கி.மீ.யில், ஆகவே அதற்கும் மேலே.

ஜூன் 17

அண்ணனின் அடுத்த கேள்வி: அந்த ஜெட் வலுவிழந்து வருகிறதாமே? 1960-களிலிருந்து 1990-கள் வரை வலுவிழந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதன் பிறகு சரிவு நின்று மீண்டிருக்கிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. எனக்கு இதில் எச்சரிக்கை தேவை என்று படுகிறது. பலூன் விட்டு அளந்த காற்று அது. இடையில் பலூனில் கட்டும் கருவிகள் மாறியிருக்கின்றன. கருவி மாறினால் எண்ணும் நகரும். நீண்ட காலப் பதிவில் காற்றின் மாற்றம் எது, கருவியின் மாற்றம் எது என்று பிரிக்காமல் எதையும் சொல்லக் கூடாது.

ஜூன் 22

பல்லாவரம் தம்பிக்கு, தள்ளிக்கொண்டே போன பதில்.

முப்பது வருடம் கண்ணால் பார்த்தது ஆதாரம் இல்லையா என்றீர்கள். ஆதாரம்தான். ஆனால் எதற்கு ஆதாரம்? 1901 தொடங்கி நாட்டின் தென்மேற்குப் பருவமழையை வரைந்து பார்த்தால், முதல் முப்பது வருடம் வறட்சிகள் அடிக்கடி. 1930-களிலிருந்து 1950-கள் வரை நல்ல காலம், பெரிய வறட்சிகள் அபூர்வம். 1960-களின் நடுவிலிருந்து மறுபடி வறட்சிகள் நெருக்கமாக: 1965, 66, 72, 79, 82, 87. முப்பது வருடத்துக்கு ஒரு முறை ஆளுமை மாறுகிற மாதிரி ஒரு ஊசலாட்டம். ஒருவர் ஐந்து வயதிலிருந்து முப்பத்தைந்து வயது வரை பார்த்தது முழுக்க அந்த ஊசலின் ஒரு பக்கமாக இருக்கலாம். அவருக்கு "வழக்கம்" என்று மனதில் பதிவது அதுதான். பிறகு ஊசல் திரும்பினால் உலகமே மாறிவிட்டதாகத் தோன்றும்.

இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் உள்ள சிக்கல் இல்லை. வானிலைத் துறையின் "சராசரி"யே நகர்கிறது. 1951–2000 காலத்தை எடுத்தால் நாட்டின் பருவமழைச் சராசரி 89 செ.மீ. 1961–2010 எடுத்தால் 88. 2022 ஏப்ரலில் 1971–2020-க்கு மாற்றியபோது 87. நல்ல மழைக் காலத்தின் பத்து வருடங்கள் ஒரு முனையில் கழன்று விழ, வறண்ட பத்து வருடங்கள் மறுமுனையில் சேர்வதால் வரும் இறக்கம் இது என்றே துறையும் அப்போது விளக்கியது. ஊசல் மறுபடி மேலே போகும், 2030-களில் நல்ல மழைக் காலம் தொடங்கலாம் என்றும் சொன்னார்கள்.

ஊசலை ஆட்டுவது எது என்பதில் ஒரே பதில் கிடையாது. பசிபிக்கில் பல பத்தாண்டுகள் நீளும் சூடு–குளிர் மாற்றம் ஒன்று. வட அட்லாண்டிக் கடலின் மாற்றம் இன்னொன்று. அங்கே நீர் சூடாக இருக்கும் பத்தாண்டுகளில் யூரேசியாவின் மேல் வளிமண்டலமும் சூடாகி, நம் பருவமழைக்குக் கை கொடுக்கிறது. எங்கேயோ ஐஸ்லாந்து பக்கத்துக் கடல், அதற்கும் குடகு மழைக்கும் தொடர்பு!

நம்பக் கஷ்டமாக இருந்தால் 2010-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் ரஷ்யாவில் வரலாறு காணாத வெப்ப அலை. அதே வாரங்களில் பாகிஸ்தானில் பெருவெள்ளம். மேல் வளிமண்டலத்தில் ஒரே அலை வளைந்து நெளிந்து போனதில், ஒரு வளைவில் அனல், அடுத்த வளைவில் மழை.

ஜூன் 23, காலை

இப்படி வரும் என்று தெரியும். "அப்போ பருவநிலை மாற்றமே இல்லைங்கறீங்களா?" என்று மூன்று பேர். இல்லை, இல்லவே இல்லை. வெப்பத்தையும் மழையையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள் என்கிறேன்.

வெப்பம் ஊசலாடவில்லை, ஏறுகிறது. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901-லிருந்து 2018-க்குள் சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-லிருந்து 2015-க்குள் சுமார் 1 டிகிரி. இதில் மனிதனின் கை இருப்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நம் ஊர் இரவுகளில் மின்விசிறி காற்று வேர்வையைக் காயவைக்காமல் இருக்கிறதே, அந்தப் புழுக்கத்துக்குச் சூடான கடலும் ஒரு காரணம், நாம் எழுப்பிய கான்கிரீட்டும் ஒரு காரணம்.

மழைதான் சிக்கல். 1951 முதல் 2015 வரை நாட்டின் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்தது, கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குறிப்பாக. காரணமாக இரண்டு சொல்லப்படுகின்றன. ஒன்று, கடல் நிலத்தைவிட வேகமாகச் சூடானதால் இரண்டுக்கும் நடுவிலான வித்தியாசம் குறைந்து, காற்றை இழுக்கும் விசையும் குறைந்தது. இன்னொன்று, புகையும் தூசியும் சூரிய ஒளியை மறைத்து நிலத்தைக் குளிர வைத்தது. 2002-க்குப் பிறகு வட, மத்திய இந்தியாவில் மழை மீண்டிருக்கிறது என்றும் ஆய்வுகள் வந்துள்ளன. இயற்கையின் ஊசலும் மனிதன் ஏற்படுத்திய மாற்றமும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்கிற வேலையைச் செய்யாமல் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொன்னால், அடுத்த நல்ல மழைக் காலம் வரும்போது "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்று சொல்பவர்கள் வாயில் அவலைப் போட்டுக் கொடுக்கிறோம். எனக்குப் பயம் அதுதான்.

ஜூன் 23, மாலை

கடற்காற்று பற்றி இன்னொன்று. கட்டிடங்கள் அதைத் தடுத்துவிட்டன என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். கடற்காற்றின் அடுக்கு சில நூறு மீட்டர் தடிமன் கொண்டது, நல்ல நாளில் ஒரு கி.மீ. வரை கூட. அடுக்குமாடி அதை நிறுத்த முடியாது. ஆனால் தெருமட்டத்தில் வீசுவதை மட்டுப்படுத்தும். மாடியில் துணி படபடக்கும், கீழே வாசல் திண்ணையில் இலை அசையாது. தம்பி, உங்கள் பழைய பதினொரு மணிக் காற்று எந்த உயரத்தில் நின்று உணர்ந்தது, இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பல்லாவரம் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் நுங்கம்பாக்கத்தைவிடத் தாமதமாகத்தான் என்றைக்கும் வந்திருக்கும்.

ஜூலை 2

எல் நினோ (பசிபிக் கடலின் கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாவது) வந்தால் மழை போச்சு, கணக்கு சுலபம்தானே என்று ஒருவர். இதற்கு நம் துறைமுகம் வழியாகப் பதில் சொல்ல ஆசை.

1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் பட்ட பாடு தெரியும். அதன் பிறகுதான் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற நெருக்கடி அரசுக்கு வந்தது. 1904-ல் வானிலைத் துறைத் தலைவராக வந்தவர் கில்பர்ட் வாக்கர், கணித மேதை. 1913 பிப்ரவரியில் அவர் சென்னை வந்தபோது துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, இவருக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அதே வாக்கர்தான் உலகம் முழுக்க உள்ள அழுத்தப் பதிவுகளைத் திரட்டி, பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்கும் என்ற தெற்கு அலைவைக் கண்டார். எல் நினோவின் மறுபாதி அது.

எனக்கு அவரிடம் அதைவிடப் பிடித்தது இன்னொன்று. நூறு காரணிகளை எடுத்து மழையோடு ஒப்பிட்டால் சில வெறும் தற்செயலாகவே பொருந்தும், ஆகவே கிடைத்த பொருத்தத்தை எப்போது நம்பலாம் என்று 1914-லேயே தனியாகக் கட்டுரை எழுதினார். வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு மழைக் கணிப்புக்கும் முன்னால் இதை ஒட்டிவைக்கலாம்.

இப்போது எல் நினோ. 1997-ல் நூற்றாண்டின் பெரிய எல் நினோக்களில் ஒன்று, நாட்டின் மழையோ சராசரியை ஒட்டியே. 2002-ல் நடுத்தர எல் நினோ, மழை 19 சதவீதம் குறைவு. எல் நினோவுக்கும் நம் பருவமழைக்கும் உள்ள பிடிப்பு தளர்ந்துவிட்டது என்று 1999-ல் கிருஷ்ண குமார் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதே வருடம் சாஜியும் மற்றவர்களும் இந்தியப் பெருங்கடலின் இருமுனை ஊசலை விவரித்தார்கள். கடலின் மேற்குப் பக்கம் சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்தால் நம் பக்கம் மழைக்கு நல்லது. 1997-ல் அது கைகொடுத்தது, 2019-லும். 2001-ல் இன்னொரு குழு கேட்டது: பிடிப்பு தளர்வதே வெறும் தற்செயல் ஏற்ற இறக்கமாக இருக்கலாமே என்று. தொடர்புகளும் பத்தாண்டுக் கணக்கில் ஊசலாடுகின்றன. அவற்றை நம்பி முன்னறிவிப்புச் செய்பவர்கள் கால் ஊன்றும் தரையே நகர்கிறது.

ஜூலை 3

ஆமாம், 2015-ம் பெரிய எல் நினோதான். நாட்டுக்கு 14 சதவீதம் குறைவு, நமக்கு டிசம்பர் வெள்ளம். வடகிழக்குப் பருவமழைக்கு எல் நினோ பெரும்பாலும் எதிரி இல்லை. அது தனி இழையாகப் பேச வேண்டிய விஷயம்.

ஜூலை 19

நேற்று இரவு பெய்ததை என் மழைமானியில் காலை எட்டரைக்கு அளந்தேன். புனலில் வேப்பிலைச் சருகு அடைத்திருந்தது. எடுத்துவிட்டு, சேர்ந்த தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, வளைவின் அடிப்பகுதியைப் படிக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் எண் தவறும். நோட்டில் எழுதிவிட்டுச் செய்தியைப் பார்த்தால், வட மாநிலங்களில் பருவமழை இடைவெளி.

இது தற்செயல் இல்லை. வட இந்தியாவின் குறுக்கே கிடக்கும் தாழ்வழுத்தப் பள்ளம் இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிட்டால் மத்திய இந்தியா காயும். மேற்குக் காற்றின் பிடி தளரும். அப்போது மழை கூடுவது இரண்டு இடத்தில்: இமயமலை அடிவாரம், தமிழ்நாடு. அவர்களுடைய இடைவெளி நம்முடைய இடிமழை. ஆனால் மனசு முழுசாகச் சந்தோஷப்படவில்லை. இடைவெளி நீண்டால் மேட்டூர் இறங்கும். 2023-ல் வந்தது, 1901-க்குப் பிறகு நாட்டின் மிக வறண்ட ஆகஸ்ட். அந்த வருடம் காவிரிக்காக இரண்டு மாநிலமும் நின்ற நிலை எல்லோருக்கும் தெரியும்.

இதை வைத்து "நாட்டுக்குக் குறைந்தால் சென்னைக்குக் கூடும்" என்று பருவம் முழுவதற்கும் சூத்திரம் போட்டுவிடாதீர்கள். நாள் கணக்கில் தெரிவது பருவக் கணக்கில் கலங்கிப் போகும். 1996 ஜூன் நடுவில் சென்னையை மூழ்கடித்த மழை எந்த இடைவெளியாலும் வந்ததில்லை.

ஆகஸ்ட் 3

பல்லாவரம் தம்பி தனி மடலில், "சரிக்கா, நானே பிரிச்சுப் பாக்கறேன், எங்க ஆரம்பிக்கறது?" என்று கேட்டிருக்கிறார். பொதுவிலேயே சொல்கிறேன்.

சென்னைக்கு வாய்த்தது பெரிய கொடுப்பினை. 1792-ல் இங்கே வானாய்வகம் கட்டினார்கள். தமிழிலும் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளாகத்தில் இன்னும் நிற்கிறது. மழைப் பதிவு 1813-லிருந்து இருக்கிறது. அதிலிருந்து ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாத மழையை மட்டும் எடுங்கள். வருட மொத்தத்தை எடுக்காதீர்கள், வடகிழக்குப் பருவமழை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். முப்பது வருடச் சராசரியை ஒவ்வொரு வருடமாக நகர்த்தி ஒரு கோடு வரையுங்கள். வெப்பத்துக்குத் தனித் தாள்: மே மாதத்தின் பகல் உச்சம் ஒரு கோடு, இரவுக் குறைந்த அளவு இன்னொரு கோடு. நுங்கம்பாக்கத்தையும் மீனம்பாக்கத்தையும் ஒரே கோட்டில் கலக்காதீர்கள். கடலிலிருந்து இருக்கும் தூரமே வேறு.

வரைந்த பிறகு, உங்கள் பள்ளிக்கூட வருடங்கள் மழைக் கோட்டில் எங்கே விழுகின்றன என்று பென்சிலால் குறியிட்டுப் படம் எடுத்து இங்கே போடுங்கள். அம்பத்தூர் அண்ணனும் தன்னுடையதைக் குறிக்கட்டும். அவர் உங்களைவிட இருபது வயது மூத்தவர்.